வால்வு வேலை செய்தது, கோளம் வெடித்தது

பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில் ஃபெய்சின் என்ற ஊர் இருக்கிறது. 1966 ஜனவரி 4, இன்னும் விடியாத குளிர்காலை. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 1,200 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஓர் இரும்புக் கோளத்தின் அடியில் தொழிலாளி ஒருவர் வழக்கமான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கோளத்துக்குள் இருந்தது அழுத்தத்தால் திரவமாக்கிய புரோப்பேன். அதன் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். அதற்கென ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகள் இருந்தன. வடித்து முடியும் தறுவாயில் அவர் மேல் வால்வை மூடி, மறுபடி லேசாகத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் திறந்தார். உள்ளே பனிக்கட்டி போல உறைந்து அடைத்திருந்தது சட்டென்று விலகி, புரோப்பேன் பீறிட்டது. மேல் வால்வின் கைப்பிடி கழன்றுகொண்டது. திரும்ப மாட்ட முடியவில்லை. கீழ் வால்வு திறந்த நிலையிலேயே உறைந்துவிட்டது, அசையவில்லை. கோளத்தின் வயிறு தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருந்தது. அந்த இடுக்கில், முகத்தில் அடிக்கும் உறைகுளிர்த் திரவத்தோடு யாரும் வெகுநேரம் போராட முடியாது.

புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது மேலே போகாமல் ஒரு மீட்டர் உயர வெள்ளை மூட்டமாகத் தரையோடு தரையாகச் சுமார் 150 மீட்டர் பரவியது. ஆலையை ஒட்டியே நெடுஞ்சாலை. போலீஸார் அதை மறித்தார்கள். ஆனால் பக்கச் சாலை வழியாக வந்த கார் ஒன்று மூட்டத்துக்குள் வந்து நின்றது. கசிவு தொடங்கி ஏறக்குறைய 25 நிமிடம் ஆகியிருந்தது. மூட்டம் பற்றிக்கொண்டது, தீ வந்த வழியே பின்னோக்கி ஓடிக் கோளத்தைச் சூழ்ந்தது.

லியோனிலிருந்தும் வியென் என்ற ஊரிலிருந்தும் தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். கோளத்தின் உச்சியில் இருந்த பாதுகாப்பு வால்வு, அழுத்தம் கூடியதும் எப்படித் திறக்க வேண்டுமோ அப்படியே திறந்தது. வெளியேறிய வாயு அங்கேயும் தழலாக எரிந்தது. வால்வு வேலை செய்கிறது, ஆகவே எரியும் கோளம் வெடிக்காது என்ற நம்பிக்கையில், இருந்த தண்ணீரில் பெரும்பகுதியை அக்கம்பக்கத்துக் கோளங்களைக் குளிர்விக்கத் திருப்பினார்கள். தீப்பற்றி ஒன்றரை மணி நேரம் கழித்து, காலை 8.45 மணிக்கு, அந்தக் கோளம் வெடித்தது. சிதறிய துண்டுகள் அடுத்த கோளத்தின் கால்களை முறித்தன. அதுவும் சாய்ந்து, முக்கால் மணி நேரத்தில் வெடித்தது. மொத்தம் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் தீயணைப்பு வீரர்கள்.

இந்த மரணங்களுக்குக் கோழைத்தனமோ சோம்பலோ காரணமில்லை. தெரியாமல் போன ஒரு பௌதிக உண்மைதான் காரணம். அந்த உண்மையை யார், எப்போது, யாருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. இன்று பல நாடுகளின் தீயணைப்புத் துறைகளில் தொழிற்சாலை இடர்களுக்கென்றே தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். சைரன் ஊதும்போது அவர்கள் ஓடுவதைவிட, சைரன் ஊதாத நாட்களில் அவர்கள் படிப்பதும் கணக்குப் போடுவதும் கேள்வி கேட்பதும் அதிக உயிர்களைக் காக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்தப் பௌதிகம்.

காகிதக் கோப்பையில் பாதி தண்ணீர் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், தண்ணீர் இருக்கும் பகுதி கருகுவதில்லை. சுடர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பட்டால் காகிதம் உடனே பற்றிக்கொள்ளும். வாயுக் கோளத்திலும் நடப்பது இதுவே. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்புச் சுவரின் வெப்பத்தைக் கொதிக்கும் திரவம் வாங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவர் அதிகம் சூடாகாது. திரவ மட்டத்துக்கு மேலே உள்ளே இருப்பது வெறும் ஆவி. ஆவியால் அவ்வளவு வேகமாக வெப்பத்தை எடுத்துச் செல்ல முடியாது. அங்கே தழல் பட்டால் இரும்பு சில நிமிடங்களில் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்த வெப்பநிலையில் சாதாரண எஃகுக்குப் பாதி வலு கூட மிஞ்சாது.

இப்போது பாதுகாப்பு வால்வுக்கு வருவோம். அதன் வேலை உள் அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. அந்த வரம்பு, கலனை வடிவமைத்தபோது குளிர்ந்த எஃகு தாங்கக்கூடிய அழுத்தத்தை வைத்துக் குறித்தது. வால்வு திறந்து அழுத்தத்தை அந்த வரம்பிலேயே நிறுத்துகிறது. ஆனால் சூடேறி வலுவிழந்த எஃகால் அந்த வரம்பையே தாங்க முடியாது. அழுத்தம் கூடாமலே கலன் கிழிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வால்வு வழியாக ஆவி வெளியேற வெளியேற உள்ளே திரவ மட்டம் இறங்குகிறது. திரவம் தொடாத சுவரின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. காப்பாற்றும் என்று நம்பிய கருவியே ஆபத்தான பரப்பை அகலப்படுத்துகிறது. ஃபெய்சினில் களத்தில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லாமல் போனது இதுதான்.

கலன் கிழிந்த கணத்தில் நடப்பது சாதாரண எரிதல் இல்லை. புரோப்பேன் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். அதைத் திரவமாக அடக்கி வைத்திருப்பது அழுத்தம் மட்டுமே. அழுத்தம் ஒரே நொடியில் காணாமல் போனால், கொதிநிலையைவிட எவ்வளவோ டிகிரி மேலே இருக்கும் திரவத்தின் பெரும்பகுதி அந்த நொடியிலேயே ஆவியாகப் பொங்குகிறது. ஒரு லிட்டர் திரவப் புரோப்பேன் ஏறக்குறைய 270 லிட்டர் வாயுவாகும். அதோடு தீயும் சேர்ந்தால் பெரும் தீப்பந்து. துறையில் இதைப் ‘பிளெவி’ என்கிறார்கள்.

தீப்பந்தின் அளவைக் கணிக்க எளிய சூத்திரம் உண்டு. எரிபொருளின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் கனமூலத்தை 5.8 ஆல் பெருக்கினால் தீப்பந்தின் விட்டம் மீட்டரில் கிடைக்கும். நம் சாலைகளில் தினமும் போகும் 18 டன் எரிவாயு டேங்கர் லாரிக்கு இதைப் போட்டுப் பார்த்தால் விட்டம் சுமார் 150 மீட்டர். எரியும் நேரம் 12 நொடி போல வரும். கனமூலம் என்பதால் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. லாரியில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம் என்றாலும் தீப்பந்தின் விட்டம் பாதியாகத்தான் குறையும். “பெரும்பாலும் காலியாகிவிட்டது, இனி பயமில்லை” என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கு தெரிந்த அதிகாரி ஆட்களைப் பின்வாங்கச் சொல்வார். மட்டம் இறங்கிய கலனில் காய்ந்த சுவரின் பரப்பு அதிகம் என்பதும் அவருக்குத் தெரியும்.

எத்தனை நிமிடம் இருக்கிறது? களத்தில் நிற்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. இதற்கு நம்பகமான விடையும் இல்லை. ஃபெய்சினில் ஒன்றரை மணி நேரம் ஆனது. 1973 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிங்மேன் என்ற ஊரில் புரோப்பேன் இறக்கிக்கொண்டிருந்த ரயில் டேங்கர் தீப்பிடித்தபோது, வெடிக்க 20 நிமிடம் போலத்தான் ஆனது. தண்ணீர் பீய்ச்ச ஏற்பாடு செய்துகொண்டிருந்த 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். சாதகமற்ற சூழலில் பத்து நிமிடமே போதும். அதனால்தான் வட அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளில் இருக்கும் அவசரகாலக் கையேடு, எரிவாயு டேங்கர் தீயில் சிக்கினால் எல்லாத் திசைகளிலும் 1,600 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை விலக்கச் சொல்கிறது. ஒரு மைல் தூரம்! எரியும் பொருளை நோக்கி ஓடுவதையே தொழிலாகக் கற்றவரிடம், அதிலிருந்து ஒரு மைல் விலகு என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த முடிவைத் தீயின் முன்னால் நின்றுகொண்டு எடுக்க முடியாது. அதற்கு முன்பே, வெளிச்சத்தில், மேசையில் உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும்.

விலகாமல் போராடலாம் என்றால் எவ்வளவு தண்ணீர் தேவை? தீயில் சிக்கிய கலனின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் வேண்டும் என்பது பரவலான வடிவமைப்பு அளவு. ஃபெய்சின் கோளத்தின் அளவில் விட்டம் சுமார் 13 மீட்டர், மேற்பரப்பு சுமார் 550 சதுர மீட்டர். ஆக நிமிடத்துக்கு 5,500 லிட்டர். நம் ஊர்த் தீயணைப்பு வண்டி ஒன்றில் பொதுவாக 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு வண்டித் தண்ணீர் ஒரு நிமிடத்துக்குக் கூடத் தாங்காது. ஒரு மணி நேரம் குளிர்விக்க 3,30,000 லிட்டர் வேண்டும். அதுவும் ஒரே ஒரு கோளத்துக்கு. பக்கத்துக் கோளங்களின் கணக்கு தனி. ஃபெய்சினில் கோளத்தின் மேல் நிரந்தரமாகப் பொருத்திய நீர்த்தெளிப்பான்கள் பரிந்துரைத்த அளவில் பாதிக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருந்தன. தீயணைப்பு வீரர்கள் தங்கள் குழாய்களை அதே நீர்வழியில் இணைத்து இழுத்ததும் அந்தத் தெளிப்பான்களும் வறண்டன. இந்தச் சிக்கலைத் தீ எரியும்போது எந்த வீரத்தாலும் சரிசெய்ய முடியாது. முந்தைய வருடமே யாராவது பம்பு அறைக்குப் போய், குழாயின் அளவைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் என்ன ஆகும் என்று சோதித்திருக்க வேண்டும்.

இடர் அதிகாரியின் அன்றாட வேலை இப்படிப்பட்டதுதான். பெரும்பகுதி படிப்பு. ஆலை நிர்வாகம் தயாரித்த பாதுகாப்பு அறிக்கையை வரிக்கு வரி படித்து, அதில் சொல்லாததைத் தேடுவது. பிறகு ஆலைக்கு நேரில் போவது. வால்வை எட்ட இருந்தே மூட வழி இருக்கிறதா, அதற்குப் போகும் மின்கம்பி தீயில் எத்தனை நிமிடம் தாங்கும், கோளத்தின் அடித்தரை சரிவாக இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தச் சரிவு சின்ன விஷயமாகத் தெரியலாம். ஃபெய்சினில் தரை சமதளம். சிந்திய புரோப்பேன் கோளத்தின் அடியிலேயே தங்கி அங்கேயே எரிந்தது. இன்று நல்ல ஆலைகளில் தரையைச் சரித்து, சிந்துவது எதுவானாலும் கலனிலிருந்து தள்ளி இருக்கும் குழிக்கு ஓடும்படி செய்கிறார்கள். நம் நாட்டின் பல எரிவாயு நிலையங்களில் உருளைக் கலன்களை மண்மேட்டுக்குள் புதைத்தே வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் கலனைத் தழல் நக்க முடியாது. காய்ந்த சுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் கப்பலிலிருந்து எரிவாயு இறக்கும்போது ஏற்பட்ட கசிவும் தீயும் ஏறக்குறைய 60 உயிர்களைக் கொண்டுபோனதை மறக்காதவர்களுக்கு, இந்த மண்மேடு எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

ஆலைகளில் பாதுகாப்பு என்றாலே தலைக்கவசம், காலணி, ‘கடைசி விபத்து நடந்து இத்தனை நாள்’ என்ற பலகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவையும் தேவைதான். ஆனால் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதும், ஆபத்தான பொருளைக் குழாய்க்குள்ளும் கலனுக்குள்ளும் அடைத்தே வைத்திருப்பதும் வெவ்வேறு திறமைகள். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். தனிநபர் காயங்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததைப் பார்த்து, ஆலையே பாதுகாப்பாக இருக்கிறது என்று அதை நடத்திய நிறுவனம் எண்ணியிருந்ததைப் பிறகு விசாரித்த குழு சுட்டிக்காட்டியது. இரண்டாவது வகைத் திறமையைச் ‘செயல்முறைப் பாதுகாப்பு’ என்கிறார்கள். தீயணைப்புத் துறைக்குள் அந்தக் கண்ணோடு பார்க்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஏனென்றால், என்ன எரிகிறது என்று தெரியாமல் உள்ளே போனவர்களின் கணக்கு மிக நீளமானது. 2013 ஏப்ரல் 17 மாலை, டெக்சஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரின் உரக்கிடங்கில் தீ. மரக்கட்டடத்துக்குள் மரத் தொட்டிகளில் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. தகவல் வந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் தீயணைக்கவும் உதவவும் போனவர்கள். 2015 ஆகஸ்ட் 12 இரவு சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு. முதலில் காய்ந்துபோன நைட்ரோசெல்லுலோஸ் தானாகச் சூடேறிப் பற்றியது. பிறகு அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. எந்தப் பெட்டியில் எது எவ்வளவு இருக்கிறது என்பது முதலில் போய் இறங்கியவர்களுக்குத் தெரியாது. 165 பேர் இறந்தார்கள், 8 பேர் காணாமல் போனார்கள். இறந்தவர்களில் 99 பேர் தீயணைப்பு வீரர்கள்.

நமக்கு மிக நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் பார்க்க வந்தவர்களும்தான் அடுத்தடுத்த வெடிப்புகளில் அதிகம் சிக்கினார்கள். அந்த வட்டாரத்தில் யாருக்கு விபத்து என்றாலும் பக்கத்து ஊரே ஓடிவரும். அது நம் மக்களின் இயல்பு. அந்த இயல்பைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஓடிவருகிற மனிதனை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பது ஒரு துறையின் கடமை. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த பட்டாசு மருந்து ஈரம் பட்டாலே உள்ளுக்குள் சூடேறிப் பற்றக்கூடியது. தண்ணீர்க் குழாயோடு வருகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தீயணைப்பு வண்டியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆகவே தண்ணீரை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதே ஒரு தனி அறிவு. அம்மோனியா கசிந்தால், காற்றடிக்கும் பக்கம் தூறல் போன்ற நீர்த்திரை அமைத்தால் வாயுவில் கணிசமான பகுதியை அது கரைத்து இழுத்துக்கொள்ளும். அம்மோனியா தண்ணீரில் அவ்வளவு ஆவலோடு கரைகிறது. அதே தண்ணீரைத் தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவில் ஊற்றினால், தண்ணீரின் வெப்பம் அதைக் கொதிக்க வைத்து வாயுவை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். குளோரின் இன்னும் நுணுக்கமானது. நம் நகரங்களின் குடிநீர் நிலையங்களில் 900 கிலோ குளோரின் கொண்ட ‘டன்னர்’ எனப்படும் படுத்த உருளைகளைப் பார்க்கலாம். கசிவு இருக்கும் இடத்தில் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சினால் அமிலம் உண்டாகி ஓட்டையைப் பெரிதாக்கும். பயிற்சி பெற்றவர் செய்யும் முதல் காரியம் வேறு. அவர் டன்னரை உருட்டி, ஓட்டை மேல்பக்கம் வரும்படி வைப்பார். அடியில் ஓட்டை இருந்தால் திரவம் கொட்டும். ஒரு லிட்டர் திரவக் குளோரின் 450 லிட்டருக்கு மேல் வாயுவாகும். ஓட்டை மேலே வந்துவிட்டால் வாயு மட்டுமே கசியும். அதுவும் உள்ளே திரவம் ஆவியாகிக் குளிரக் குளிர, அழுத்தம் இறங்கி, கசிவு மெதுவாகிவிடும். உருளையை அரை வட்டம் உருட்டும் அந்தச் சில நொடி வேலை ஒரு தெருவைக் காப்பாற்றக்கூடியது. சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு, கண் சரியாகத் தெரியாத மஞ்சள்பச்சை மூட்டத்தில் அதைச் செய்யப் பலமுறை வெறும் உருளையில் பழகியிருக்க வேண்டும்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி போபாலில் மெதில் ஐசோசயனேட் வெளியேறியபோது, ஆலையின் நீர்ப்பீரங்கிகள் வாயு வந்த உயரத்தை எட்டவில்லை. குளிர்பதன அமைப்பை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காக இணைப்பறுந்து நின்றது. மருத்துவமனையில் குவிந்தவர்களுக்கு எந்த வாயுவுக்கு மருத்துவம் செய்வது என்று மருத்துவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக நகருங்கள் என்று மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. பலர் வாயு போகும் திசையிலேயே ஓடினார்கள். நம் நாட்டின் சட்டங்கள் பலவும் அந்த இரவின் பிள்ளைகள். 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம், 1989இல் அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த விதிகள், 1996இல் இரசாயன விபத்துகளுக்கான அவசரகாலத் திட்ட விதிகள்.

1989ஆம் ஆண்டு விதிகளை நான் மதிப்போடுதான் படிக்கிறேன். குளோரின் 10 டன் தாண்டினால் ஒரு படி, 25 டன் தாண்டினால் அடுத்த படி என்று பொருளுக்குப் பொருள் அளவு குறித்திருக்கிறார்கள். ஆலைக்குள் நடப்பதற்கான அவசரத் திட்டத்தை நிர்வாகம் தயாரித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். மதில் சுவருக்கு வெளியே நடப்பதற்கான திட்டம் மாவட்ட அளவில் தயாராகி, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை காண வேண்டும். தாளில் குறை இல்லை. ஒத்திகை எப்படி நடக்கிறது என்பதில்தான் என் கவலை. நாளும் நேரமும் முன்பே எல்லோருக்கும் தெரிந்து, பகல் பதினோரு மணிக்கு, காற்றில்லாத நாளில், விருந்தினர்கள் பந்தலில் உட்கார்ந்து பார்க்க நடக்கும் ஒத்திகை எந்த ஓட்டையையும் காட்டிக்கொடுக்காது. நள்ளிரவில், பாதி ஆட்கள் விடுப்பில் இருக்கும்போது, முதல் பம்பு ஓடாது என்று வைத்துக்கொண்டு நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஒத்திகையில் தோற்பதைக் குற்றமாக்காமல், அதற்காகவே ஒத்திகை என்று ஏற்கும் மனம் இரு தரப்புக்கும் வேண்டும்.

சிங்கப்பூர் இதில் வேறொரு வழியில் போயிருக்கிறது. அங்கே தீயணைக்கும் அமைப்பான குடிமைத் தற்காப்புப் படையே எரியக்கூடிய பொருட்களைச் சேமிக்க உரிமமும் தருகிறது. ஆலைகள் சொந்தமாக அவசரகாலக் குழு வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2017 முதல் பெரிய ஆபத்துள்ள ஆலைகள் தங்கள் பாதுகாப்பை ஆதாரத்தோடு வாதிட்டு நிறுவ வேண்டும். அந்த வாதத்தைச் சோதிக்கும் பிரிவில் மனிதவள அமைச்சு, சுற்றுப்புற வாரியம் ஆகியவற்றோடு குடிமைத் தற்காப்புப் படையும் சேர்ந்திருக்கிறது. தீயை அணைக்கப் போகிறவரே, தீப்பிடிக்குமுன் கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. தமிழ்நாட்டில் ஆலைப் பாதுகாப்பைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தனி. இரண்டு துறை என்பதில் தவறில்லை. ஆனால் ஓர் ஆலையின் பாதுகாப்பு அறிக்கையில் இருக்கும் முக்கியமான இரண்டு பக்கங்கள், அந்த வட்டாரத் தீயணைப்பு நிலைய அதிகாரியின் வண்டியிலேயே மடித்துச் செருகி இருக்க வேண்டும்.

சாலைக்கு வந்துவிட்ட ஆபத்துக்கு அறிக்கை எதுவும் இருக்காது. லாரியின் பின்னால் இருக்கும் பலகைதான் அறிக்கை. 1075 என்று நான்கு இலக்க எண் இருந்தால் அது சமையல் எரிவாயு; 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1203 பெட்ரோல். உலகம் முழுக்க இதே எண்கள்தான். அதற்கு மேலே சிறு சங்கேதம் ஒன்று இருக்கும். அதன் முதல் இலக்கம் எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும்: 2 என்றால் தண்ணீரைத் தூறலாகத் தெளி, 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படக்கூடாது. நடு எழுத்து என்ன உடை அணிய வேண்டும், சிந்தியதைக் கழுவி விடலாமா அணைகட்டித் தடுக்க வேண்டுமா என்று சொல்லும். கடைசியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசி என்று பொருள். 101க்கோ 112க்கோ அழைப்பவர் அந்த நான்கு இலக்கத்தைத் தூரத்தில் நின்று படித்துச் சொல்லிவிட்டால், வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்தது. மேலே போட்ட கணக்கு நிஜத்தில் நடு ஊரில் படுத்துக் கிடந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைத் தூறலாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள், சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கசிவை அடைத்து, கிரேன் கொண்டு கலனைத் தூக்கி நிமிர்த்தினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. செய்தித்தாள்களில் இரண்டு நாள் வந்து மறைந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால், தீயணைப்புப் பள்ளிகளில் மணிக்கு மணி பிரித்து நடத்த வேண்டிய பாடம் அது. யார் எப்போது என்ன முடிவெடுத்தார், தண்ணீர் எங்கிருந்து வந்துகொண்டே இருந்தது, எது கிட்டத்தட்டத் தவறிப்போனது என்று அங்கே நின்றவர்கள் வாயாலேயே எழுதி வாங்கி வைக்க வேண்டும். இறப்பு இல்லாத விபத்துகளிலிருந்து கற்பதற்கு எந்த விசாரணைக் கமிஷனும் அமைவதில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எங்கிருந்து வருகிறது, என்ன வாயு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாத ஓட்டம் அது.

1989ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய தூரத்தில் வாழும் மக்களுக்கு, அந்த ஆபத்தின் தன்மை என்ன, நடந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை ஆலை நிர்வாகம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஒரு பக்கத் தாள் போதும்: ஆலையில் உள்ள வாயுவின் பெயர், அதன் வாசனை, சைரன் எத்தனை முறை ஊதினால் என்ன பொருள், ஜன்னலை அடைத்து உள்ளே இருப்பதா வெளியேறுவதா, காற்றுக்குக் குறுக்கே எந்தத் தெரு வழியாக எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது. அந்தத் தாளை மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட் வட்டாரம், தூத்துக்குடி என்று ஆலை இருக்கும் ஊர்களின் ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும் ஒட்டிவைக்க வேண்டும். அங்குள்ள தீயணைப்பு நிலைய அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய், பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ராத்திரி சைரன் ஊதினா எங்க வீட்டுக்குக் கேக்குமா?” என்பதாக இருக்கலாம். அந்தக் கேள்வியோடு அவர் நேராக ஆலைக்குப் போகட்டும்.